ஜாபேஸ் ரத்து செய்ய வந்த பாலிசி

1.

இன்சூரன்ஸ் வேண்டாம் என்று சொல்லப் போன இடத்தில் எனக்குக் கிடைத்த கதை இது.

குன்னூரில் என் தெருவுக்கு மேல் தெருவில் கெஸியாவின் வீடு. பலமுறை என் வீட்டுப் படியேறி வந்து, பொறுமையாகத் திட்டங்களை விளக்கிவிட்டுப் போன ஒருவருக்குப் போனில் மறுப்புச் சொல்வது மரியாதையாக இருக்காது என்று நேரில் போனேன். டீ கொடுத்தார். டீயைக் குடித்துக்கொண்டே என் மறுப்பைச் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை.

"பரவாயில்லீங்கண்ணா. வேண்டாங்கறவங்கள இப்பெல்லாம் நான் கட்டாயப்படுத்தறதில்லீங்க."

"இப்பெல்லாம் என்றால்?" என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் இந்தக் கதை. பதில் முடியும்போது இரண்டாவது டீயும் ஆறிப்போயிருந்தது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இது விசுவாசத்தைப் பற்றிய கதை. நான் சபைக்குப் போகிறவன் இல்லை. இதில் வருகிறவர்கள் 'சமாதானம்' என்று சொல்லும்போது என்ன அர்த்தத்தில் சொல்கிறார்கள் என்பதையே கெஸியாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். [சண்டை ஓய்வதைச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். மனசுக்குள் வரும் அமைதியாம். நாமாக வரவழைத்துக்கொள்வது இல்லையாம், கொடுக்கப்படுவதாம்.] ஆகவே எங்காவது பிசகினால் அது என் பிசகு.

2.

எப்படித் தொடங்குவது என்று நிறையத் தடுமாறினேன். முதலில் எழுதியது:

"மலைப்பாதையில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த அந்தக் காலையில், ஒரு வளைவில் மரணம் ஜாபேஸுக்காகக் காத்தி—"

விட்டுவிட்டேன். அன்று பனியே இல்லை, பளிச்சென்று வெயில் என்று ஜாபேஸே பிறகு சொன்னார். அடுத்தது:

"கெஸியா விற்றது பாலிசிகளை அல்ல, மனிதர்களின் பயத்தை—"

இது இன்னும் மோசம். படித்தவுடன் 'ஆகா' என்று தோன்ற வேண்டும் என்பதற்காக எழுதிய வாக்கியம். கெஸியா பயமுறுத்தி எதையும் விற்றவர் இல்லை. ஆகையால் நேராகவே சொல்கிறேன்.

கெஸியாவின் கணவர் மனோகரன், குன்னூர் பஜாரில் ஒரு பேக்கரியில் மாஸ்டராக இருந்தவர். ஒருநாள் அடுப்புக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. ஏஜென்ட் ஒருவரிடம் முகம் முறித்துப் பேச முடியாமல் அவர் போட்டு வைத்திருந்த ஒரு பாலிசி இருந்தது. அந்தப் பணத்தில் வீட்டுக் கடன் அடைந்தது, மகன் படித்தான். கெஸியாவும் பிறகு ஏஜென்ட் ஆனார். வருஷக் கடைசியில் சபையில் சாட்சி சொல்லும் ஆராதனையில் எழுந்து நின்று, ஒவ்வொரு வருஷமும் அதே சாட்சியைச் சொல்வார்: கர்த்தர் என்னைக் கைவிடவில்லை, நான் தெருவில் நிற்க வேண்டிய நேரத்தில் அந்தப் பணத்தை அனுப்பினார்.

சபையில் பாதிப் பேர் அவரிடம் பாலிசி எடுத்ததற்கு அந்தச் சாட்சியும் ஒரு காரணம். [இதை அவரேதான் சொன்னார். நானாகச் சேர்க்கவில்லை.]

3.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஜாபேஸ் கெஸியா வீட்டுக்கு வந்தார்.

ஜாபேஸ் அதே சபைக்காரர். சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். கேத்தியில் கழுவி மூட்டை கட்டிய கேரட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குவது தொழில். மனைவி சுகந்தி ஒரு தேயிலை ஃபேக்டரியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறார். இரண்டு பெண் குழந்தைகள். வெலிங்டனுக்கு மேலே வாடகை வீடு. அவர் பெயரில் கெஸியா போட்டுக்கொடுத்த பாலிசி ஒன்று பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஸ்தோத்திரங்க்கா. என்ற பாலிசிய கேன்சல் பண்ணோணுங்க," என்றார், உட்காருவதற்கு முன்பே.

பணக் கஷ்டம் என்று கெஸியா நினைத்தார். "கட்டறதுக்குச் சிரமமா இருக்குதா ஜாபேஸு? இந்தத் தடவ நான் கட்டி வெக்கறேன். அப்புறமாக் குடு."

"கட்டறதுக்கெல்லாம் இருக்குதுங்க்கா. இது வேற."

விஷயம் இது. அந்த வாரம் லோடு ஏற்றிக்கொண்டு இறங்கும்போது மலைப்பாதையில் பர்லியார் ஊருக்குச் சற்று மேலே பிரேக் பிடிக்கவில்லை.

"பெடலு அப்படியே அடி வரைக்கும் போயிருச்சுங்க. எதுக்க டூரிஸ்ட் பஸ்ஸு ஏறி வருது. கியரக் கொறச்சுப் போட்டு, மலைப் பக்கமா ஒரசிட்டே வந்தனுங்க. பழக்கடைங்களுக்குக் கிட்ட மண்ணுல ஏறி நின்னுச்சு. ஒரு கண்ணாடி போனதோட செரி."

"தேவனுக்கு ஸ்தோத்திரம்," என்றார் கெஸியா.

"அதத்தானுங்க்கா சொல்ல வர்றேன். அந்த நேரத்துல எனக்குப் பயமே வல்லீங்க. மனசு கம்முனு இருந்துச்சு. 'செரி, நாம போனாலும் பாலிசி இருக்குது, சுகந்தியும் புள்ளைகளும் பொழச்சுக்குவாங்க'ன்னு தோணுச்சு. அவ்வளவு நிம்மதி. வண்டி நின்னதுக்கு அப்புறந்தான் இயேசப்பா ஞாபகத்துக்கு வந்தாருங்க. அதுவும் நன்றி சொல்றதுக்கு."

"அதுல என்னடா தப்பு? குடும்பத்தத்தான நெனச்சிருக்கற?"

"குடும்பத்த நெனச்சது தப்பில்லீங்க. அந்தச் சமாதானம் எங்கிருந்துங்க்கா வந்துச்சு? இத்தன வருசமா கையத் தூக்கிப் பாடறேன், நீங்கதான் எனக்கு எல்லாமும்னு. பெடலு போன ஒடனே நான் சாஞ்சது ஒரு காயிதத்து மேல."

கெஸியாவுக்குச் சுருக்கென்றது. அப்படியென்றால் இத்தனை வருஷமாக சபை ஜனங்களுக்கு நான் என்ன விற்றுக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். ஜாபேஸ் அவசரமாகச் சொன்னார்:

"உங்களச் சொல்லலீங்க்கா. உங்களுக்கு அது கர்த்தர் குடுத்தது. எனக்கு அது கர்த்தர் எடத்துல உக்காந்துருச்சு. வேற ஒண்ணுமில்லீங்க."

கெஸியா, ரத்து செய்வதற்கான ஃபாரம் கைவசம் இல்லை, ஆபீஸில் போய் வாங்க வேண்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

* ஃபாரம் இருந்தது. "எனக்குப் பின்னாடி பீரோவுலயே இருந்துச்சுங்கண்ணா, ஒரு கட்டு," என்றார் என்னிடம்.

4.

சுகந்தியை எழுதும்போது ஒரு தவறு செய்தேன். என் முதல் பிரதியில் இப்படி இருந்தது: "திங்கட்கிழமை சாயங்காலம், கலங்கிய கண்களோடு சுகந்தி கெஸியாவின் வாசலில் வந்து நின்—"

கெஸியா அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "சுகந்தி எங்கீங்கண்ணா அழுதா? பஸ் ஸ்டாண்டுல வாங்குன பக்கோடாவத் தின்னுட்டே பேசுனா. எனக்கும் குடுத்தா."

ஆகவே: திங்கட்கிழமை சாயங்காலம், ஷிப்டு முடிந்து, துணியெல்லாம் தேயிலைத் தூள் வாசனையோடு சுகந்தி வந்தார். பக்கோடாப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார்.

"அக்கா, எங்க ஊட்டுக்காரரு கர்த்தர நம்பட்டும், வேண்டாங்கல. நானுந்தான் நம்பறேன். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. இவிய செத்துப்போனா நேரா பரலோகம். அந்தக் காசு யாருக்கு வருது? எனக்கும் புள்ளைகளுக்கும். அப்ப இவிய விட்டுக்குடுக்கறது யாரோட காசுங்க? தன்ற விசுவாசத்துக்கு என்னையத் தூக்கிக் காணிக்கைப் பையில போடறாங்க."

கெஸியா சிரித்துவிட்டார். பிறகு சிரிக்க முடியவில்லை.

"இத அவன்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். 'கர்த்தர் உன்னைய விட்டுருவாரா'ங்கறாங்க. விடமாட்டாருதான். ஆனா அத நானில்லீங்களா சொல்லோணும்? தாலியறுத்து நிக்கப்போறது நானு. எனக்குப் பதிலா இவிய எப்படி விசுவாசிக்கறது?"

இந்தக் கேள்வியை எழுதிவிட்டு நான் அன்று அதற்கு மேல் எழுதவில்லை. இதுவரை ஜாபேஸ்தான் கதாநாயகன் என்று நினைத்திருந்தேன்.

"என்ன பண்ணலாங்கற?" என்றார் கெஸியா.

"ஃபாரம் குடுக்காதீங்க. அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு, மீதிப் பக்கோடாவைக் குழந்தைகளுக்கென்று மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

5.

புதன்கிழமை ஜெபக்கூட்டம் கலைந்த பிறகு கெஸியா நடந்ததைச் சொல்லிப் பாஸ்டரிடம் யோசனை கேட்டார். பாஸ்டருக்கும் கெஸியாவிடம் பாலிசி உண்டு.

[இங்கே பாஸ்டரை ஒரு போலியாகக் காட்டிவிட எனக்குக் கை அரித்தது. எளிதான வேலை, வாசகர்களும் ரசிப்பார்கள். ஆனால் அவர் சொன்னது இதுதான்.]

"சிஸ்டர், பிரசங்க மேடை ஏறும்போது என்னோட பாலிசி ஞாபகத்துக்கு வரக்கூடாதுன்னு ஜெபம் பண்ணிட்டுத்தான் ஏறுவேன். நாளைக்காகக் கவலப்படாதீங்க, பறவைகளப் பாருங்க, பூக்களப் பாருங்கன்னு பேசற நாள்ல கண்டிப்பா வந்துரும். ஜாபேஸ் கேட்ட கேள்விய நான் எனக்கே இன்னும் கேட்டு முடிக்கல. அவனுக்கு நான் என்னத்தச் சொல்லட்டும்?"

"பாலிசி வெச்சிருக்கறது பாவமுங்களா பாஸ்டர்?"

"இல்ல. அத நான் எழுதியே குடுப்பேன். ஆனா ஜாபேஸ் அதக் கேக்கல. ஆபத்துல யாரு பேரு மொதல்ல வாயில வருதுன்னு கேக்கறான்."

கெஸியா மேடேறி வீட்டுக்கு நடந்தார். அந்த ஏற்றத்தில்தான், தன் சாட்சியில் அவர் ஒருபோதும் சேர்க்காத மாதங்கள் நினைவுக்கு வந்தன.

மனோகரன் இறந்தது கோடை சீசன் சமயம். பணம் வந்தது கிறிஸ்துமஸ் கழிந்து. அந்தக் காகிதம் இல்லை, இந்தக் கையெழுத்து சரியில்லை என்று இழுத்துக்கொண்டே போனது. அத்தனை மாதமும் அவரும் மகனும் பட்டினி கிடக்கவில்லை. பேக்கரி முதலாளி தினமும் ரொட்டி அனுப்பினார். சபையில் ஒரு அம்மா அரிசி கொண்டுவந்து, சத்தமில்லாமல் சமையலறையில் வைத்துவிட்டுப் போவார். வாரா வாரம் வாசலில் ஒரு பை நிறையக் கேரட்டும் உருளைக்கிழங்கும் இருக்கும். வைத்தது யார் என்று கெஸியாவுக்குத் தெரியும். அப்போதுதான் ஒருவரிடம் டிரைவராகச் சேர்ந்திருந்த, இன்னும் மீசை சரியாக வராத ஜாபேஸ்.

அந்த மாதங்கள் ஏன் சாட்சியில் வரவில்லை? யோசித்தபோது ஒரே காரணம்தான் கிடைத்தது. ரொட்டியையும் கேரட்டையும் விடப் பெரிய தொகைதான் அவருக்கு அற்புதம் மாதிரித் தெரிந்திருக்கிறது.

6.

கதை இந்த இடத்துக்கு வந்ததும் எனக்குள் இருக்கும் எழுத்தாளன் ஒரு விபத்துக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கினான்.

முடிவு அ: கெஸியா ஃபாரம் கொடுக்காமல் இழுத்தடிக்கிறார். ஜாபேஸின் வண்டி பள்ளத்தில் விழுகிறது. பாலிசி உயிரோடு இருந்ததால் சுகந்தியும் பிள்ளைகளும் பிழைத்துக்கொள்கிறார்கள். வாசகர் சொல்வார்: நல்லவேளை, கெஸியா பொய் சொன்னார்.

முடிவு ஆ: பாலிசி ரத்தாகிறது. வண்டி உருள்கிறது. ஜாபேஸ் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்து வருகிறார். வாசகர் சொல்வார்: பார்த்தாயா, கடவுள் இருக்கிறார்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். ஆ தான் நன்றாக வந்தது. அதில் பழக்கடையிலிருந்து ஒரு மாங்குஸ்தான் கூடைகூட உருண்டது. ஆனால் ஒரு கட்சியை ஜெயிக்க வைப்பதற்காக ஒரு மனுஷனின் வண்டியை மலையிலிருந்து தள்ளிவிடுவது எனக்கு ஒப்பவில்லை. பணம் கைக்கு வந்தால் கடவுள் தோற்றார், உயிர் தப்பினால் ஜெயித்தார் என்று மார்க் போடுகிற வேலையும் என்னுடையது அல்ல. தவிர, ஜாபேஸ் நன்றாக இருக்கிறார். போன வாரம் எனக்கு இரண்டு கிலோ கேரட் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார்.

நடந்ததையே எழுதுகிறேன்.

7.

அடுத்த சனிக்கிழமை கெஸியா ஃபாரத்தை எடுத்துக்கொண்டு, தானே ஜாபேஸ் வீட்டுக்குப் போனார். பிள்ளைகள் கிளாஸுக்குப் போயிருந்தார்கள். சுகந்தி சமைத்துக்கொண்டிருந்தார். ஃபாரத்தைப் பார்த்ததும் கரண்டியோடு வெளியே வந்து கெஸியாவை ஒரு முறை முறைத்தார்.

"இது போன வாரமே என்ற ஊட்டுல இருந்துச்சு ஜாபேஸு. இல்லைன்னு பொய் சொன்னேன்," என்றார் கெஸியா. "இன்னைக்கு ஏஜென்ட்டா வல்ல." பிறகு அந்த மாதங்களைப் பற்றிச் சொன்னார். வாசலில் இருந்த பையைப் பற்றியும்.

ஜாபேஸ் நெளிந்தார். "அதெல்லாம் மண்டியில வேண்டாம்னு ஒதுக்குன கேரட்டுங்க்கா."

"ஒதுக்குனதோ என்னமோ, நாங்க தின்னோம். பணம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே கர்த்தர் என்ற ஊட்டுக்கு வந்துட்டாரு. பணம் வந்த நாளத்தான் அவரு வந்த நாள்னு நான் சபையில சொல்லிட்டிருந்திருக்கறேன்."

ஜாபேஸ் எழுந்தே விட்டார். "அதத்தானுங்க்கா நானுஞ் சொல்றேன்! பாத்தியா சுகந்தி?"

"என்னத்தப் பாக்கறது?" என்றார் சுகந்தி. "அக்காவுக்குக் கேரட்டு கொண்டுபோனது நீங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா எனக்குக் கொண்டுவர்றது யாருங்க? எல்லாரும் பாலிசியக் கேன்சல் பண்ணிப்போட்டு, வாசல்ல எப்பப் பை வரும்னு பாத்துட்டு உக்காந்திருக்கலாமா?"

குக்கர் விசில் அடித்தது. சுகந்தி போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"நீ சொல்றது எனக்குப் புரியாம இல்ல," என்றார் ஜாபேஸ், தணிந்த குரலில். "உன்ற காச எடுத்து நான் என்ற விசுவாசத்தக் காட்டக்கூடாது. செரி. ஆனா தினமும் அந்த ரோட்டுல எறங்கறவன் நானு. ஸ்டியரிங்கப் புடிக்கறப்ப மனசு அந்தக் காயிதத்துக்கு ஓடுதுல்ல, அதுக்கு என்ன வழி? நீயே சொல்லு. நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

சுகந்தி வெகுநேரம் யோசித்தார் என்று எழுதலாம். இல்லை, உடனே சொல்லிவிட்டார் என்கிறார் கெஸியா. வரும்போதே அந்த யோசனையோடுதான் அடுப்படியிலிருந்து வந்திருக்க வேண்டும்.

"மொதல்ல ஃபாரத்துல கையெழுத்துப் போடுங்க."

ஜாபேஸ் திகைத்துப்போய்க் கையெழுத்துப் போட்டார். சுகந்தி அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இது ஆபீசுக்குப் போகுமா, அடுப்புக்குப் போகுமாங்கறது இனிமே எனக்கும் அக்காவுக்கும். பாலிசி இருக்குதா இல்லையான்னு உங்களுக்குத் தெரியாது. கேக்கவும் கூடாது. பேங்க் மெசேஜெல்லாம் என்ற போனுக்கு மாத்திப்போடலாம். கட்டறதுன்னா என்ற சம்பளத்துல கட்டிக்கறேன். கட்டாம விட்டாலும் என்ற இஷ்டம்."

"அப்ப வண்டி ஓட்டறப்ப நான் என்னன்னு நெனைக்கறது?"

"நெனைக்கறதுக்கு ஒண்ணுமில்லாம ஓட்டுங்க. அதத்தான கேட்டீங்க? சாயறதுக்கு அப்ப யாரு இருக்காங்களோ, அவிய மேல சாஞ்சுக்குங்க."

ஜாபேஸ் உட்கார்ந்து, முழங்காலில் கைகளை ஊன்றித் தலையைக் குனிந்துகொண்டார். கெஸியாவுக்குப் பயமாக இருந்தது. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தார். ஆனால் நிமிர்ந்தபோது அவர் முகம், பெரிய லோடை இறக்கிவிட்டு வந்தவர் முகம் மாதிரி இருந்ததாம்.

"ஜெபம் பண்ணலாங்களா அக்கா?" என்றார்.

கெஸியா ஜெபித்தார். [என்ன ஜெபித்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமே என்று கதை எழுதுகிறவனாகத் தோன்றுகிறது. கேட்காததே சரி என்று பக்கத்துத் தெருக்காரனாகத் தோன்றுகிறது.]

8.

அந்த வருஷக் கடைசியில் கெஸியா சொன்ன சாட்சி புதியது. ரொட்டியும் அரிசியும் கேரட்டும் வந்த மாதங்களைப் பற்றி மட்டும் பேசினார். பணம் வந்த கட்டத்துக்கு வருவதற்குள் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு சபையில் புதிதாகப் பாலிசி கேட்டு வந்தவர்கள் குறைவு. அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். வெளியூர் ஆட்களிடம் கொஞ்சம் கூடுதலாக அலைய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் என்றார்.

கடைசியில் அந்த ஃபாரம் என்ன ஆனது என்று அவரிடம் கேட்டேன்.

"கிளையண்ட் விசயத்த வெளிய சொல்லக்கூடாதுங்கண்ணா."

விடுவேனா? எழுதுவதற்கு அனுமதி கேட்கும் சாக்கில் சுகந்தியைப் போய்ப் பார்த்தேன். டீ இடைவேளையில் ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே வந்து, கதை முழுவதையும் கேட்டார். பக்கோடா வரும் இடத்தில் சிரித்தார். பிறகு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஃபாரத்தை என்ன செய்தார் என்பதை ஒரே வாக்கியத்தில் சொன்னார். ஆகவே எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து அதை ஒன்பதாவது பகுதியாக எழுதினேன். சின்னதாக, நன்றாகவே வந்திருந்தது.

ஜாபேஸின் சம்மதம் மட்டும் பாக்கி. கேத்தியில் கேரட் கழுவும் இடத்துக்குப் போனேன். மூட்டைகளை ஏற்றி முடித்து, தார்ப்பாயைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எழுதுங்க சார். நம்ம கதைய எழுதறதுக்கு ஒரு ஆள் இருந்தா வேண்டாம்பேனா? அச்சுல வந்தா எனக்கு ஒண்ணு குடுத்துருங்க. படிப்பேன்," என்றார். பிறகு கயிற்றை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஆனா ஃபாரம் என்னாச்சுங்கறது மட்டும் அதுல வேண்டாங்க சார்."

"தெரிஞ்சுக்க ஆசையா இல்லையா?"

"தெனமும் இருக்குதுங்க. சில நாளு கேட்டே போடலாமான்னு இருக்கும். ஆனா பாருங்க, பாலிசி இருக்குதுன்னு தெரிஞ்சா மறுபடியும் அது மேல சாஞ்சுக்குவேன். இல்லைன்னு தெரிஞ்சா, 'பாத்தியா, நான் எவ்வளவு பெரிய விசுவாசி'ன்னு என்ற மேலயே சாஞ்சுக்குவேன். ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லீங்க."

வண்டியைக் கிளப்பினார். பிரேக்கை ஒரு தரம் அழுத்திப் பார்த்தார். மேட்டுப்பாளையத்தைப் பார்த்து இறங்கிப் போய்விட்டார்.

[நான் இன்னும் பாலிசி எடுக்கவில்லை. அதற்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தமில்லை, சோம்பல்.]

9.

இந்த இடத்தில் இருந்ததை எடுத்துவிட்டேன். ஜாபேஸ் படிப்பார்.

முடிவு இல்லாமல் உங்களுக்குச் சரிப்படாது என்றால் நீங்களே ஒன்றை எழுதிக்கொள்ளலாம், நான் தடுக்கவில்லை. ஆனால் அவர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து வையுங்கள்.